மூன்று போட்ட வரிசைகள்

உன் ஸ்டீல் ஸ்கேல் இன்று காலை மேசையிலிருந்து விழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் உணர்ந்தேன், வெகுநேரமாக ஒரே வரியைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று. ‘மனுதாரர் மூன்று முறை அழைக்கப்பட்டார். ஆஜராகவில்லை. மனு தள்ளுபடி.’ ஜன்னலுக்கு வெளியே, தண்டையார்பேட்டை சாலையில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நகராமல் உறுமிக்கொண்டிருந்தன.

ஆய்வு மையத்தில் நாம் எதிரெதிரே உட்கார்ந்து செய்த வேலையை இப்போது தனியாகச் செய்கிறேன். ஆலைகளில் அடிபட்டவர்கள் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்குகள். ஒரு தீர்ப்புக்கு ஒரு வரிசை. எந்த ஆலை, எந்த உறுப்பு, எத்தனை வாய்தா, என்ன முடிவு. வலது கையில் மிஞ்சிய இரண்டு விரல்களால் ஸ்கேலை ஒவ்வொரு வரிக்குக் கீழும் நகர்த்தி நீ படிப்பாய். நான் கணினியில் ஏற்றுவேன். புள்ளியியலில் முதுகலை முடித்தவன் நான். பத்தாவதோடு நின்றவன் நீ. ஆனால் தீர்ப்பின் பாஷை உனக்குத்தான் புரிந்தது. திருவொற்றியூரில் பிரஸ் மெஷின் உன் விரல்களைத் தின்ற பிறகு, உன் வழக்குக்காக வருடக்கணக்கில் கோர்ட்டு வராந்தாவில் நின்றவன் நீ.

முடிவு என்ற கட்டத்தில் ஜெயித்தவருக்கு ஒன்று, தோற்றவருக்கு இரண்டு. வராததால் தள்ளுபடியானதையும் இரண்டிலேயே நான் சேர்க்கப் போனபோது, ஸ்கேலால் என் கையில் ஒரு தட்டுத் தட்டினாய்.

“இன்னா மாமு, படிச்சவன்தானே நீ? தோத்தவன் வேற, வராதவன் வேற.”

“சரி, அவனுக்கு என்ன நம்பர்?”

“மூணு தபா கூப்ட்டாங்கல்ல? மூணே போடு.”

அதோடு விடவில்லை நீ. கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் போட வைத்தாய். தீர்ப்போடு சேர்த்துக் கட்டியிருந்த பழைய மனுக்களைத் துழாவி, அவர்கள் ஏன் வரவில்லை என்று சொல்வாய். இறந்துவிட்டார். வாய்தா தேதி தெரியாது. லீவு கேட்டால் வேலை போய்விடும். உன் வழக்கே ஒருநாள் கைக்கு வந்தது. மூன்று என்றாய். “குறிப்பு?” என்றேன். எழுந்து டீக்கடைக்குப் போனாய். அங்கே வைத்துத்தான் சொன்னாய்: “அன்னிக்கு கைல ரெண்டாவது ஆபரேசன். ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தேன். வக்கீலுக்குத் தெரியும். சொல்லல.” திரும்பி வந்து அந்தக் கட்டத்தை நாம் நிரப்பவில்லை.

மையத்தின் இயக்குநரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். ஆலைப் புகை மண்டிய எண்ணூர்ப் பக்கம் போனால் காரின் கண்ணாடியைக்கூட இறக்காதவர். “கோர்ட்டு எதையும் தீர்மானிக்கவே இல்லையே, இந்த மூணெல்லாம் எதுக்கு? எடுத்துடுங்க. டேட்டா சுத்தமா இருக்கும்” என்றார். என் ஒப்பந்தம் நீடிப்பது அவர் கையெழுத்தில் இருந்தது. மென்பொருளில் ஒரே ஒரு கட்டளை: முடிவு மூன்றானால் நீக்கு. நீக்கினேன். அதே பெயரில் சேமித்தேன்.

அறிக்கை அச்சாகி வந்தது. வழக்குப் போட்ட தொழிலாளர்கள் பெரும்பாலும் ஜெயிக்கிறார்களாம், சட்டம் நன்றாக வேலை செய்கிறதாம். ஆலைகளின் வக்கீல்கள் அதை மேடையில் வாசித்தார்கள். நீ கடைசிப் பக்கம்வரை ஸ்கேல் வைத்துப் பார்த்தாய்.

“நம்ம ஆளுங்க எங்க மாமு?”

“சுத்தம் பண்ணும்போது எடுத்தாச்சு.”

“ஏன், நாங்க இன்னா கலீஜா?”

நீயே குரலைத் தணித்துக்கொண்டாய். “கோர்ட்டுல காணோம்னாங்க, சரி. நீயும் காணோம்ன்றியே. நான் இங்கதான கீறேன்? திருப்பிப் போடு மாமு.”

“நாளைக்குப் போட்டுடறேன்.”

பொய். போடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவிட்டேன். தனியாக ஒரு பிரதி வைக்கவில்லை. முதல் வருட மாணவன்கூடச் செய்யாத தவறு. பார்க்கும்போதெல்லாம் “போட்டியா?” என்று கேட்டாய். “ஓடிக்கிட்டிருக்கு” என்றேன். பிறகு உன் நுரையீரல் கெட்டது. பிறகு கேட்கவும் மூச்சில்லாமல் போயிற்று.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று, விம்கோ நகர் வீட்டில், உன் மனைவி ஒரு சிமெண்ட் சாக்கை இழுத்து வந்து என் முன்னால் வைத்தாள். மையம் எடைக்குப் போட ஒதுக்கிய ஜெராக்ஸ் கட்டுகளிலிருந்து நீ பொறுக்கி எடுத்தவை. மூன்று போட்டவை மட்டும். மேலே இந்த ஸ்கேல்.

“உங்களாண்ட குடுக்கச் சொல்லிச்சுண்ணா. கம்ப்யூட்டர்ல இருந்தது பூடுச்சுன்னு அதுக்குத் தெரியும். ‘அவனா வந்து சொல்லட்டும்’னு இருந்துச்சு.”

அவள் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் பஸ்ஸில் உட்கார்ந்து வீடு வந்திருப்பேன். உட்கார இடம் இருந்தும் வழிநெடுக நின்றுகொண்டே வந்தேன்.

இப்போது அந்த மையத்தில் நான் இல்லை. யாரும் கேட்காத இந்த வேலையைத் தினமும் கொஞ்சம் செய்கிறேன். இன்று காலையிலிருந்து கையில் இருந்தது உன் தீர்ப்பு. முடிவு: மூன்று. குறிப்பில் எழுதினேன்: ‘மருத்துவமனையில் இருந்தார். வக்கீலுக்குத் தெரியும். சொல்லவில்லை.’ அந்தக் கடைசிச் சொல்லைத் தட்டியபோது, அது வக்கீலை மட்டும் குறிப்பதாகத் தோன்றவில்லை.

பழைய கோப்பின் மேலேயே சேமிக்கவா என்று மென்பொருள் கேட்டது. அன்றும் கேட்டிருக்கும். வேண்டாம் என்று சொல்லி, உன் பெயரைக் கோப்புக்குக் கொடுத்தேன். சாக்கில் பாதிக்கு மேல் இன்னும் இருக்கிறது. அன்று ‘ஆம்’ என்று அழுத்திய விரலும் என் கையில்தான் இருக்கிறது. மிச்சத்தையும் அதை வைத்துத்தான் தட்டியாக வேண்டும்.