டாங்கியின் மேல்மூடி

அபிராமபுரம்,
12-11-78, ஞாயிறு

அன்புள்ள பாரதிக்கு,

இல்லை, அப்பா நீ அனுப்பிய டாங்கி பொம்மையை இன்னும் முடிக்கவில்லை. மூன்று கடிதங்களாக நீ கேட்டும் நான் பதில் எழுதாமல் தள்ளிக்கொண்டு வந்தது அதைத்தான். நாங்கள் இருவரும் சாப்பிடுகிறோம், நடமாடுகிறோம், ஜுரம் எதுவும் இல்லை. நலம் என்று எழுத இதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே ஐப்பசி மழை விடவில்லை. நேற்று முழங்கால் தண்ணீரில் நடந்து கல்லூரிக்குப் போய், வந்திருந்த ஒன்பது பெண்களுக்குப் பாடம் எடுத்துவிட்டுத் திரும்பினேன். பாதி வகுப்பில் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது. ஜன்னல். மழை. ஒன்பது முகங்கள்.

செப்டம்பரில் நீ அனுப்பிய பெட்டியைத் திறந்ததும் அப்பாவுக்கு முதலில் ஏமாற்றம். நீ முன்பு கொண்டுவந்த பொம்மை விமானங்களைப் போல எண் போட்ட பிளாஸ்டிக் துண்டுகள் இல்லை. எல்லாம் ரெசின், அச்சில் ஊற்றி இறுக வைத்த பிசின். பழைய சோப்பின் நிறம். யாரோ ஒருவர் தன் வீட்டிலேயே வார்த்து விற்கிறார் என்று எழுதியிருந்தாய். ஒவ்வொரு துண்டின் அடியிலும் வார்ப்பின் மிச்சம் கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது, ரம்பத்தால் அறுத்து எடுக்க வேண்டும். அங்கங்கே ஊசிமுனை அளவுக்குக் காற்றுக் குழிகள். விளக்கத்துக்கு ஒரே ஒரு தாள். அச்சு எண்ணெய் போகக் கழுவு என்று அதில் இருந்தது, கழுவினார். முப்பது வருஷம் ஜவுளி விற்றவர் கழுவியதை என்ன செய்வார்? மொட்டைமாடியில் வேட்டி விரித்து வெயிலில் காயப் போட்டுவிட்டார். மத்தியானம் போய்ப் பார்த்தால் அடித்தட்டு தொய்ந்து கிடக்கிறது, பீரங்கிக் குழல் முருங்கைக்காய் போல வளைந்திருக்கிறது. கடையைப் பார்த்துக்கொள்ளும் உன் சித்தப்பா மகன் நல்லசிவம் அன்று வந்திருந்தான். பெரியப்பா, இது மூலை திரும்பிச் சுடுற பீரங்கியா, அப்படியே பாண்டி பஜாருக்கு ஓட்டிட்டு வாங்க, எதிர்க்கடைக்காரன் ஷட்டரை இழுத்துட்டு ஓடிருவான் என்றான். அப்பா சிரித்தார், பாரதி. சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து ஓடிவந்தேன். பிறகு என் பால் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, குழலை அதில் முக்கி எடுத்து, கடையின் மீட்டர் கோலோடு சேர்த்துப் பிடித்து ஆறும்வரை உட்கார்ந்திருந்தார். நேரானது. அடித்தட்டும் நேரானது. அன்று முதல் தினமும் அறுப்பு, உப்புத்தாள் தேய்ப்பு. மூக்கில் ஈரக் கைக்குட்டை கட்டச் சொல்லி நீ எழுதியதை நான்தான் தினமும் ஞாபகப்படுத்துகிறேன். துணியின் தரம் பார்ப்பது போலவே கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் விளிம்பைத் தடவிப் பார்க்கிறார்.

சக்கரங்கள், சங்கிலிப் பட்டை, சுழலும் தலை, எல்லாம் ஆயிற்று. மிச்சம் மேல்மூடி மட்டும். சட்டைப் பொத்தான் அளவுதான். திறந்தும் ஒட்டலாம், மூடியும் ஒட்டலாம். அங்கேதான் பத்து நாளாக நிற்கிறது. உனக்குத் தெரியாத ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. உன் அண்ணன் ஜவஹர் பட்டாளத்திலிருந்து கடைசியாக லீவில் வந்தபோது, டாங்கிக்குள்ளே அடுப்புதான்ப்பா, வெந்து போறோம் என்றான். அப்பா இலையிலிருந்து நிமிராமலே, எல, பின்ன மூடியத் தொறந்து தலைய வெளிய நீட்டிக்கிட்டுக் காத்தாடப் போ, அதுக்கா இவ்வளவு பேச்சு என்றார். நானும் அங்கேதான் இருந்தேன். மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த எழுபத்தொன்று டிசம்பர் யுத்தத்தின்போது அவன் ரெஜிமெண்டிலிருந்து வந்த கடிதத்தில், மேல்மூடியைத் திறந்து தலையை நீட்டி வழி பார்த்துக்கொண்டிருந்தபோது குண்டு பட்டது, அந்தக் கணமே உயிர் பிரிந்தது, வேதனை இல்லை என்று இருந்தது. அப்பா அதை ஒரே ஒரு முறை வாசித்தார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் புத்திமதி சொன்னதில்லை. இதை நீ கவனித்திருக்க மாட்டாய். லண்டன் போகட்டுமா என்று நீ கேட்டபோது பதில் சொல்லாமல் எழுந்து போனார். உனக்கு அது கோபமாகப் பட்டது. நல்லசிவம் கடை விஷயமாக எது கேட்டாலும், என் வாயில வர்ற புத்தி உனக்கு வேண்டாம்லே என்பார். அவ்வளவுதான். வேறு யாரிடமும் காரணம் சொன்னதில்லை. என்னிடம் ஒரு முறை, அவன் மூடியத் தொறந்தது என் பேச்சக் கேட்டுத்தான் என்றார்.

இனி என் பங்கு. எழுபத்திரண்டு மார்ச்சில், அப்பா கடையில் இருந்த நேரம், ஒருவன் வந்தான். இடது கை முழங்கைவரை வெந்து சுருங்கியிருந்தது. கபாலி என்று பெயர், சைதாப்பேட்டை, அண்ணனுடைய டாங்கியை ஓட்டியவன். காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை. சொல்லக்கூடாதுன்னு நெனச்சிகினுதாம்மா இருந்தேன், சோறு எறங்கல என்றான். உங்க புள்ள எப்பவும் தலைய நீட்டிகினுதான் வருவாரு, எங்க நைனா சொல்லிகீறாரு, காத்து வாங்கிகினு போவணும்னு சொல்லிச் சிரிப்பாரு. அன்னிக்கு மட்டும் குண்டு மழையாட்டம் உழுந்துச்சு, எல்லாம் மூடிக்கோங்கடான்னு அவருதாம்மா சொன்னாரு. அடிபட்டுத் தீப் புடிச்சதும் என் மூடிய நான் தொறந்துகினு முன்பக்கமா வந்துட்டேன். அவருது தொறக்கல. மேல ஏறி இஸ்த்துப் பாத்தேம்மா. இந்தக் கையி. அவ்வளவுதான் சொன்னான். விலாசத்தை ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனான். ரெஜிமெண்ட்காரர்கள் இரக்கப்பட்டு எழுதிய பொய்யை, நானும் இரக்கப்பட்டுத்தான் ஆறு வருஷமாகக் காப்பாற்றி வந்திருக்கிறேன். ஒரு தகப்பன் தன் வாயைக் குறை சொல்லிக்கொண்டு வாழலாம். பிள்ளை வெந்தான் என்று தெரிந்துகொண்டு வாழ முடியுமா? இந்தக் கணக்கைத்தான் தினமும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் விடை வேறாக வந்தது.

இன்று சாப்பிட்டுக் கை கழுவியதும் கூப்பிட்டார். புஷ்பம், மூடித்தான் ஒட்டப் போறேன், அவன் படத்துக்குக் கீழ வச்சிருவோம், நான் என்ன சொல்லிருக்கணும்னு தினமும் பாத்துக்கிடுவேன் என்றார். தப்பைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு, நடந்ததை அப்படியே செய்து கூடத்தில் வைக்கப் போகிறார். சரி என்று சொல்லிவிட்டு இந்த மேஜைக்கு வந்துவிட்டேன். உன்னைக் கேட்டால் பதில் வரப் பதினைந்து நாள். பசை இறுக அரைமணி நேரம். இரண்டு ட்யூபிலிருந்தும் பிதுக்கித் தட்டில் கலக்கிக்கொண்டிருக்கிறார், குச்சி தட்டில் உரசும் சத்தம் இங்கே கேட்கிறது. அவருக்குப் போன வருஷம் நெஞ்சு வலி வந்ததை நான் மறக்கவில்லை. ஆனால் மகன் கடைசிவரை தன் சொல்லைச் சிரித்துக்கொண்டே எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான் என்பது அவருக்குச் சேர வேண்டியது. அதை நான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அதைக் கொடுத்தால் மற்றதையும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பிரிக்க முடியவில்லை.

நீ சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே ரொட்டி தின்னாதே. மாப்பிள்ளையிடம் என் அன்பைச் சொல். உன்னிடமும் ஆறு வருஷம் மறைத்தேன், கோபப்பட உனக்கு உரிமை உண்டு. ஆனால் கோபத்தையும் எழுது, பேசாமல் இருந்துவிடாதே. நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். மறக்காமல் அப்பா பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு.

அன்புடன்,
உன் அம்மா
தங்கபுஷ்பம்

மாலை நான்கரை. சொல்லிவிட்டேன். குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார். அழவில்லை. உயிர் போக ரொம்ப நேரம் ஆச்சாமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். அந்தக் கை எவ்வளவு வெந்திருக்கு, இப்ப அவன் வேலைக்குப் போறானா என்று கேட்டார். அதுவும் எனக்குத் தெரியாது. நான் ஒரு முறைகூட அவனைப் போய்ப் பார்க்கவில்லை. மூடியை ஒட்டவில்லை, பசை தட்டிலேயே இறுகிவிட்டது. பீரோவிலிருந்து கபாலியின் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு குடையோடு வாசலில் நிற்கிறார். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவரோடு சைதாப்பேட்டைக்குப் போகிறேன்.