கான்வாஸ் கழற்றிய லோரி

கூட்டாளி,

காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. கோழிக்கூண்டின் மேல் போட்டிருக்கும் உன் லோரி கான்வாஸ் நனைந்து, செம்பனையும் டீசலும் கலந்த அந்தப் பழைய வாசம் வீட்டுக்குள் வந்தது. உடனே உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. எனக்கு இப்போது எழுத வரும், தெரியுமா? கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். இனி நீ என்னைக் கைநாட்டு என்று கூப்பிட முடியாது. மெதுவாகத்தான் எழுதுகிறேன். உனக்கும் இப்போது அவசரம் ஒன்றும் இல்லையே.

ஆற்றங்கரை உடைந்த அந்த நாளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். புக்கிட் பெலிம்பிங் மேட்டில் நம் வீடுகள் தப்பின. படகுத்துறைக்குப் பின்னால் பலகை வீடுகளில் இருந்த ரோஹிங்யா குடும்பங்களைத் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. சொந்த நாட்டில் இருக்கவிடாமல் துரத்தப்பட்டு, வேறொரு நாடு கூப்பிடும் வரை இங்கே காத்திருந்தவர்கள். கையில் அடையாளப் பத்திரம் இல்லாததால், பிடித்துவிடுவார்களோ என்று பயந்து, பள்ளிக்கூடத்தில் திறந்திருந்த வெள்ள நிவாரண மையத்துக்கும் அவர்கள் போகவில்லை. கேள்விப்பட்டதும் நீ லோரிச் சாவியை எடுத்தாய்.

நாம் போனபோது தண்ணீர் வாசற்படியைத் தொட்டிருந்தது. சாயங்காலம் கடல் ஓதமும் ஆற்றில் ஏறினால் வீடுகள் நிற்காது. பிறந்து சில நாளே ஆன குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு ஒரு பெண் வாசலில் நின்றாள். "ஏறும்மா" என்றாய். அவள் லோரியைப் பார்த்தாள், கான்வாஸைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். "தாக்குட், பாச்சிக்" என்று குரல் மட்டும் வந்தது. பயமாயிருக்கிறது ஐயா என்கிறாள். முன்பு இப்படி ஒரு மூடிய லோரி வந்துதான் அவள் அண்ணனை ஏற்றிக்கொண்டு போனதாம்.

நான் கெஞ்சினேன். நீ கெஞ்சவில்லை. லோரியைத் திருப்பினாய்.

"என்னடா, வுட்டுட்டுப் போறியா?"

"வாயை மூடிக்கிட்டுக் கான்வாஸக் கழட்டு. தீமிதிக்கு எப்புடிடா போவோம்? பொம்பளைங்க, புள்ளைங்க எல்லாம் பின்னால உக்காந்து பாடிக்கிட்டுப் போவாங்க இல்ல? அந்த லோரியப் பாத்து எவனாச்சும் பயந்திருக்கானா?"

செம்பனைத் தோட்டத்தில் இருந்த காலம் முழுக்க அப்படித்தானே போனோம். எங்கள் தீமிதிக்கும் உங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கும் அதே லோரிதான். ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை, உனக்குத் தோன்றியது.

நம் வீடுகளுக்கு வந்து பெண்களைப் பின்னால் ஏறச் சொன்னாய். "வெள்ளத்துல என்னாங்க ஊர்வலம்?" என்றாள் உன் பெண்சாதி.

"ஊர்வலந்தான் லா, ஏறு."

என் வீட்டுக்காரி சேலை மாற்றப் போனாள். "தங்கச்சி, பொண்ணு பாக்கவா போறோம்?" என்று நீ போட்ட சத்தத்தில் வந்த சேலையோடே ஏறினாள்.

கான்வாஸ் இல்லாத லோரியில், மழையில் நனைந்துகொண்டு, நம் பெண்கள் அந்த வாசலில் போய் நின்றார்கள். உன் பெண்சாதி இரண்டு கைகளையும் நீட்டினாள். அந்தத் தாய் திறந்த லோரியையும் நனைந்து நின்ற பெண்களையும் பார்த்தாள். பிறகு முதலில் குழந்தையைக் கொடுத்தாள். அப்புறம் தானும் ஏறினாள். அவளைப் பார்த்து எல்லா வாசலும் திறந்தது.

உங்கள் சர்ச் மண்டபத்தில் தங்க வைத்தோம். சமைக்கப் போனால் நீ சர்ச் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டாய். "இதுல கிறிஸ்மஸுக்குப் பன்னி வெந்திருக்குடா. அவங்களுக்கு ஆவாது. ஒங்க கோயில் அண்டாவத் தூக்கிட்டு வா, அது ஜென்மத்துக்கும் சைவம்." மாரியம்மன் அண்டாவில் பருப்பு வெந்து, மாதா படத்துக்குக் கீழே அவர்கள் பிஸ்மில்லா சொல்லிச் சாப்பிட்டார்கள். நீ கரண்டியோடு நின்ற தோரணை இருக்கிறதே, தோட்டத் துரை தோற்றான்.

அந்தக் குழந்தையின் குடும்பத்தைக் குளிர் நாடு ஒன்று கூப்பிட்டுக்கொண்டது. போவதற்கு முன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தார்கள். அப்போது நீ கல்லறைக்குள் போயிருந்தாய். நான்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

படகுத்துறைக்கு வேறு குடும்பங்கள் வந்துவிட்டன. போன மாதம் மறுபடி தண்ணீர் ஏறியது. லோரியை உன் மகள் எஸ்தர் ஓட்டினாள். யாரும் சொல்லாமலே நம் பெண்கள் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். "மாமா, நீங்க வேணாம், முட்டி தாங்காது" என்றாள் எஸ்தர். நான் கேட்கவில்லை. அங்கே போய், அவர்கள் தயங்கி நிற்பதைப் பார்த்ததும் இறங்கிப் போய்க் கூப்பிட்டேன். வழி காட்ட நானே முதலில் திரும்ப ஏறினேன். கால் வழுக்கியது. கூட்டத்தில் ஒதுங்கி நின்ற ஒருவன் பாய்ந்து ஏறி, என் கையைப் பிடித்து மேலே இழுத்துவிட்டான். ஏறிய பிறகுதான் தான் லோரியில் நிற்பது அவனுக்கே தெரிந்தது. சிரித்துவிட்டு வீட்டாரைக் கூப்பிட்டான். எல்லோரும் வந்தார்கள்.

மண்டபம் வந்து சேரும் வரை அவன் என் கையை விடவில்லை. அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.