மீட்டிங்னு சொல்லக் கூடாது

ஜூன் 14, சனி

வெயில் கொளுத்துது. காலையிலருந்து கரன்ட் இல்ல. குடிக்காம ஒன்பதாவது நாள். ஷேவ் பண்ணும்போது தாடையில ரெண்டு வெட்டு.

கொரட்டூர் ஸ்டேஷன் சுவத்துல 'குடியை விடணுமா?'ன்னு போட்டிருந்த நம்பருக்கு ஒருவழியா போன் பண்ணேன். மூணு வாரமா பாக்கெட்ல மடிச்சு வெச்சிருந்த சீட்டு. எடுத்தவர் வயசானவர். "சாயந்திரம் ஆறு மணி, அம்பத்தூர். பேரு மட்டும் சொன்னா போதும். வேற எதுவும் கேக்க மாட்டோம்."

அமுதாகிட்ட, "ஆறு மணிக்கு ஒரு மீட்டிங் கீது"ன்னேன். காய் நறுக்கறதை நிறுத்திட்டா.

"அந்த மீட்டிங்குக்குத்தான் பதினோரு வருஷமா போயிகினு கீறியே."

நாக்கைக் கடிச்சுக்கினேன். கம்பெனியில எங்க செட்டுக்கு மீட்டிங்னா பார்தான். குமார் போன் பண்ணாலே "மாமே, மீட்டிங்"னுதான் ஆரம்பிப்பான். இப்ப நெஜமாவே மீட்டிங், சொல்ல வேற வார்த்தை இல்ல. பொறுமையா சொல்லியிருக்கலாம். கோவம் வந்துடுச்சு, செருப்பை மாட்டிக்கினு கிளம்பிட்டேன். இந்தக் கோவம் ஒரு சனியன்.

எடம்: எல்.கே.ஜி. கிளாஸ். குட்டி பெஞ்சு, முட்டி மோவாயில இடிக்குது. எட்டு பேர். டீ, பிஸ்கட். ஒவ்வொருத்தரும் பேரைச் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி"ங்கறாங்க. குடிகாரன் தெரியும். இது இன்னா நோயாளி, லீவ் லெட்டர் மாதிரி.

என் முறை. "பேரு சேகர். சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்." எல்லாரும் சிரிச்சாங்க. போன்ல பேசினவர்தான் சாமுவேல் அண்ணன், ரிட்டயரான பஸ் டிரைவர். "நானும் அப்டித்தான் நைனா வந்தேன். பத்தொம்போது வருஷமா பாத்துகினு கீறேன்"ன்னாரு.

ஜூன் 15, ஞாயிறு

எழுதவே வெறுப்பா கீது.

நேத்து திரும்பி வரும்போது முனைக்கடையில நின்னேன். கடைக்காரர் ஒண்ணும் கேக்காமலே வாசனைப் பாக்கு ரெண்டு நீட்டினார். வாங்கி வாயில போட்டுக்கினேன். பழக்கம்.

வாசல்ல அமுதா. "ஊது." ஊதினேன்.

"குடிக்கலன்னா பாக்கு எதுக்கு?"

குடிக்காதவன், குடிச்ச வாசனையை மறைக்கப் பாக்கு போட்டுக்கினு வந்திருக்கேன். உலகத்துல எவனாவது பண்ணுவானா? சத்தியம் பண்ணேன். "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு"ன்னு மட்டும் சொன்னா.

காலையில அமுதா பொண்ணு நிவியைக் கூட்டிக்கினு காட்டுப்பாக்கம், தன் அக்கா ஊட்டுக்குப் போயிட்டா. போன தடவை ரெண்டு செட் துணிதான். இந்தத் தடவை நிவியோட பிளஸ் டூ புக்கு அத்தினியும் போச்சு. இனிமே வரமாட்டாங்களோன்னு பயமா கீது.

ஜூன் 17, செவ்வாய்

மேகமூட்டம். மதியம் குமார் போன், ரெண்டு தடவை. எடுக்கல. மூணாவது தடவை அடிச்சிருந்தா எடுத்திருப்பேன்.

சாயந்திரம் மறுபடி அந்த எல்.கே.ஜி. கிளாஸ். பாக்கு கதையைச் சொன்னேன். சிரிப்பாங்கன்னு பார்த்தா, ஐ.டி. கம்பெனிக்காரர் ஒருத்தர், மதுரை ஆளு, தலையைக் குனிஞ்சுக்கினார். "நான் இன்னமும் அந்தப் பாக்கைப் பைக்குள்ள வச்சிருக்கேண்ணே"ன்னார்.

சாமுவேல் அண்ணன்: "சனிக்கெழமை ஊட்டுக்காரங்களும் வரலாம். கூப்டு. அவங்க வராட்டியும் நீ வா."

அமுதாவுக்கு மெசேஜ். 'மீட்டிங்'னு அடிச்சேன், அழிச்சேன். 'கூட்டம்'னா ஏதோ கட்சிக் கூட்டம் மாதிரி கீது. கடைசியா: 'நான் குடிநோயாளி. என்னை மாதிரி ஆளுங்க சேர்ற எடம். அம்பத்தூர், சனி ஆறு மணி. நீயும் வா.' கீழ ஸ்கூல் அட்ரஸ். வாயில ஒரு தடவைகூட வராத வார்த்தை, கட்டைவிரல்ல வந்துடுச்சு. ரெண்டு நீல டிக்.

ஜூன் 19, வியாழன்

பதினாலாவது நாள். துணி துவைச்சேன். உப்புமா, அடி புடிச்சது. அமுதாகிட்டருந்து இன்னும் பதில் இல்ல.

ஜூன் 21, சனி

நாலு மணிக்கு நல்ல மழை. யாரும் வரமாட்டாங்கன்னு நினைச்சேன். ஆறேகாலுக்கு வாசல்ல அமுதா, குடை சொட்டுது. கடைசி பெஞ்சுல உக்காந்தா. என்னைப் பார்க்கல.

என் முறை. "பேரு சேகர். நான் ஒரு குடிநோயாளி. பதினாறு நாள்." அதோட உக்காந்துட்டேன்.

ஊட்டுக்காரங்க பேசலாம்னாங்க. அமுதா எழுந்தா.

"தெனம் இவரு வந்ததும் மூஞ்சிகிட்ட போயி மோந்து பாப்பேன். அதுக்கு மட்டும்தான் கிட்ட போறது. வேற எதுக்கும் போயி வருஷக்கணக்காச்சு. இப்பவும் நம்பிக்கை வரல. நேர்ல பாக்கலாம்னு வந்தேன்."

உக்காந்துட்டா. மோந்து பாக்கறது எனக்குத் தெரியும். மீதி தெரியாது. அழுதுட்டேன், அத்தினி பேர் எதிர்ல.

அவ காட்டுப்பாக்கம் திரும்பிப் போக, பூந்தமல்லி பஸ்ஸுக்கு நின்னோம். ஒரே குடை, என் பாதி தோள் மழையில. "ஊட்டுக்கு வாயேன்"ன்னேன். "இப்ப இல்ல"ன்னா. அப்புறம் நிவிக்கு போன் போட்டு என் கையில குடுத்தா.

"எங்க கீறேன்னு நீயே சொல்லு. உனக்காகப் பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு."

சொன்னேன். அந்த வார்த்தையோடவே சொன்னேன். அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்னுது.

"அம்மா அழுதுச்சாப்பா?"

"இல்லம்மா."

"நீங்க?"

ஆமான்னேன்.