கைதுக் குறிப்பில் என் கையெழுத்து

14.7.1998, செவ்வாய்

இன்றும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். யாரைக் கைது செய்தாலும் அந்தக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து, எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான்தான் அந்த மதிப்புள்ளவன்.

மதுராந்தகத்துக்கு மீன் வண்டி ஓட்டும் ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இடது கண் வீங்கியிருந்தது. காலை எட்டு மணிக்கே அவனை இழுத்துப் போனதைக் கடையிலிருந்து பார்த்தேன். குறிப்பில் கைதான நேரம் மாலை ஐந்து என்று எழுதியிருந்தது.

“டைம் தப்பா கீதே ஏட்டய்யா,” என்றேன்.

“எப்பவும் போடறதுதானே, போடு சார்,” என்றார் ஏட்டு.

போட்டேன்.

கடை மூடும்போது ஏழுமலையின் மனைவி வந்தாள்.

“நீங்கதான் சாட்சியாமே. நீங்க கூட இருந்ததால அவர அடிச்சிருக்க மாட்டாங்க, இல்லண்ணா?”

அந்தத் தீர்ப்பு எதற்காக வந்ததோ, அதைத்தான் கேட்டாள்.

“நல்லாத்தான் கீறான். வூட்டுக்குப் போம்மா,” என்றேன்.

என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.