வீரம்மா ஆன்டி நல்லா இருக்காங்க

மார்ச் 3, 2025, திங்கள்

காலையிலேயே மழை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் சப்பாத்து முழுக்கத் தண்ணீர். கடைவாய்ப் பல் வேறு விண்விண் என்று வலிக்கிறது. கிள்ளானிலிருந்து அம்மா போன் செய்து, எப்படி இருக்கே என்றார். நல்லா இருக்கேன்மா என்றேன்.

எங்கள் மனச்சோர்வு ஆய்வில் முப்பத்தொன்றாவது ஆள் சேர்ந்திருக்கிறார். வீரம்மா, ஐம்பத்தாறு வயது, கிள்ளான் பக்கம் மேருவில் தோசைக் கடை. இரண்டு மாதமாகக் கடை அடைப்பு. கடுமையான மனச்சோர்வு, இரண்டு மருந்து மாற்றியும் கேட்கவில்லை. சோறு இறங்குவதில்லை, பேச்சும் இல்லை. செத்தால் தேவலை என்று ஒருமுறை சொன்னாராம். டாக்டர் ஜெயந்திரன் மின்னதிர்வு சிகிச்சை எழுதிவிட்டார், வாரம் இரண்டு தடவை வீட்டிலிருந்து வந்து போக வேண்டும். வெள்ளிதோறும் கேள்வித்தாளைத் தமிழில் கேட்டு எண் போடுவது என் வேலை. எண் குறைந்தால் நோய் குறைகிறது என்று அர்த்தம். இன்று 23.

கணவர் நாகையா லோரி ஓட்டுகிறவர். "கரண்டு வச்சா ஆளு துள்ளுமேம்மா, படத்துல பாத்திருக்கேன்" என்றார். மயக்க ஊசி போட்டுத்தான் அங்கிள், ஆன்டிக்கு ஒண்ணும் தெரியாது என்றேன். அவர் நம்பின மாதிரி இல்லை. ஆன்டி யார் முகத்தையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 6, வியாழன்

முதல் தடவை. கால் கட்டைவிரல் லேசாகத் துடித்தது, அவ்வளவுதான். வெளியே அங்கிள் லோரிச் சாவியைத் திருகித் திருகி விரலில் தடமே பதிந்திருந்தது.

மார்ச் 14, வெள்ளி

ஆன்டி பேசினார்! தூக்கம் எப்படி? "நல்லா தூங்குறேம்மா." சாப்பாடு? "நல்லா சாப்பிடுறேம்மா." மனசு? "நல்லா இருக்கும்மா." எண் 7. மூன்றே தடவையில். டாக்டரிடம் ஓடினேன். இப்படியே போனால் ஆறோடு நிறுத்தலாம் என்றார். எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு மசால் வடை வாங்கி, பல் வலிக்காத பக்கமாகவே மென்று முடித்தேன்.

மார்ச் 21, வெள்ளி

எண் 4. திங்கட்கிழமை ஆறாவது. அதுவே கடைசி.

மார்ச் 24, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும்.

புவாசா நோன்பு மாதம், கேண்டீன் அடைப்பு. சிகிச்சை முடிந்து ஆன்டி நன்றாக விழித்ததும் எதிர்க்கடையில் ரெண்டு டம்ளர் தேத்தண்ணி வாங்கி வந்து ஒன்றைக் கொடுத்தேன். முழுக்கக் குடித்தார். எப்படி இருக்கு ஆன்டி? "நல்லா இருக்கும்மா." பிறகுதான் என்னுடையதை வாயில் வைத்தேன். கோசோங்! ரெண்டு டம்ளரிலும் ஒரு துளி சீனி இல்லை. இருபது வருஷம் கடை போட்டவங்களுக்கு இது தெரியாதா?

அங்கிளை ஓரமாக அழைத்துக் கேட்டேன். "எங்க தூங்குதும்மா, மூணு மணிக்கே எழும்பி செவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். சோத்தைக் கோழிக்குக் கொட்டிருது." ஏன் அங்கிள் சொல்லலே? "நீ கேக்குற, அது நல்லா இருக்கேன்னு சொல்லுது. வெளியாளு கேட்டா வேற என்ன சொல்லுவாங்க? குறை சொன்னா மரியாதையா இருக்குமா லா?"

அடிப் பாவி. நானும் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைதானே. பித்தப்பையில் கல்லை வைத்துக்கொண்டு எங்கம்மா ஊரெல்லாம் நல்லா இருக்கேன்னு சொல்லலையா? அது தெரிஞ்சும் கிளி மாதிரி கேட்டு, கிளி மாதிரி எழுதி வச்சிருக்கேன். என் 4-ஐ நம்பி சிகிச்சையை நிறுத்தி, ஏதாவது ஆகியிருந்தா?

மார்ச் 25, செவ்வாய்

காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். என் தாள்களை வாங்கிப் புரட்டினார். "என்னட்டயும் நல்லா இருக்கேன் எண்டுதான் சொன்னவ. நானும் தலையாட்டினனான்" என்றார். பிறகு, "அழிக்காதீங்க. ஒரே கோடு போட்டு வெட்டி, பக்கத்தில தேதி, கையெழுத்து." பிழையும் படிக்கக் கிடைக்க வேண்டும், அதுதான் எங்கள் வேலையின் சட்டம். 7-ஐயும் 4-ஐயும் வெட்டினேன். டாக்டர் ஆன்டியோடும் அங்கிளோடும் உட்கார்ந்து பேசி 19 போட்டார். நிறுத்தவில்லை. இன்னும் ஆறு.

சேர்ந்த முப்பத்தொரு பேரில் பதினொரு பேர் தமிழர்கள். மற்ற பத்துப் பேரையும் மறுபடி கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

நோன்பு முடிந்த ராயா விடுமுறையில் ஒரு தடவை தள்ளிப்போனது. எப்படி இருக்கீங்க என்று இப்போது கேட்பதே இல்லை. நேத்து எத்தனை மணிக்கு முழிப்பு வந்துச்சு? தட்டுல எவ்வளவு மிச்சம்? பக்கத்தில் அங்கிள். ஆன்டி மெதுவாக, "நாலு மணி" என்றார். எனக்கு அதுவே பெரிய பரிசு.

ஏப்ரல் 10, வியாழன்

பத்தாவது. தே வாங்கிக் கொடுத்தேன், சீனி போட்டதுதான். ஒரு மடக்கு குடித்தார். முகம் சுளித்தது. "இது என்ன தேத்தண்ணியா, மங்கு கழுவின தண்ணியா? இதுக்குப் போய் காசு குடுத்தியா?"

அங்கிள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் மட்டும் என்ன, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அழுதேன். என்னத்துக்கு ரெண்டு பேரும் கூத்தாடுறீங்க என்று ஆன்டி அதட்டினார்.

ஏப்ரல் 18, வெள்ளி

நேற்றோடு பன்னிரண்டு முடிந்தது. இன்று முக்கால் மணி நேரம் குறை சொன்னார். கட்டில் ஆகாது, தாதி ஆகாது, அங்கிள் வைக்கிற ரசம் ஆகவே ஆகாது. தைப்பூசத்துக்குப் போனது சுத்தமாக ஞாபகம் இல்லையாம், அதற்குக் கோபம். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது என்று உள்ளதைச் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டேன். எண் 8. நாலு எடுத்தபோது பிணம் மாதிரி இருந்தவர், எட்டு எடுத்துவிட்டுச் சண்டை போடுகிறார்.

மறுபடி கூப்பிட்டவர்களில் நாலு பேர் 'நல்லா இருக்கேன்' ஆட்கள். டாக்டர் எல்லோரையும் திரும்பப் பார்க்கிறார்.

மே 17, சனி

சிகிச்சை முடிந்து ஒரு மாதம், மறுபடி எண் போட மேரு போனேன். கடை திறந்து பத்து நாளாகிறது. ஆன்டி கல்லுக்கு முன்னால் நின்று அங்கிளைத் திட்டிக்கொண்டிருந்தார், சட்னியில் உப்பு கூடிவிட்டதாம். என் தாளை எடுக்கவே விடவில்லை. முதல்ல சாப்பிடு என்று முறுகல் ஒன்றை வைத்தார்.

"நீ எப்படிம்மா இருக்கே?"

"நல்லா இருக்கேன் ஆன்டி."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஒரு பக்கமாவே மெல்லுற. எத்தனை நாளா வலிக்குது?"

மார்ச்சிலிருந்து என்று சொன்னேன்.

மே 18, ஞாயிறு

செவ்வாய் காலை பத்து மணிக்குப் பல் டாக்டர். அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். நன்றாகத் திட்டினார்.