முன்சக்கரத்தில் இல்லாத பிரேக்

அன்புள்ள கெல்சிக்கு,

அம்மா எழுதுவது. அலாஸ்காக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், அவ்வளவுதான் எழுத முடிகிறது. டகோட்டாவில் பனி தொடங்கிவிட்டது, பட்டறையில் நாம் கட்டும் மோட்டார் சைக்கிள்கள் இரண்டு பாதியில் நிற்கின்றன, கட்டித் தரச் சொன்னவர்கள் அவசரப்படுத்தவில்லை, நம் வீட்டில் நடந்தது தெரிந்தவர்கள்தானே. நீ வெல்டிங்கை விட்டுவிட்டு மீன் ஆலையில் பெட்டி அடுக்குவது ஏன் என்று எனக்குத் தெரியும். தம்பி வேட் ஓட்டிய வண்டியின் கழுத்து, முன்சக்கரத்தைச் சட்டத்தோடு பிடிக்கும் அந்த இடம், நீ பற்றவைத்தது, அந்தப் பற்று விட்டுப்போனதால்தான் அவன் செத்துப்போனான் என்று நினைக்கிறாய். அது விடவில்லை கண்ணே.

செவ்வாய்க்கிழமை சீட்டுக்குத் தோல் தேடி அலமாரியைக் கிளறினேன், அந்தக் கழுத்து துணியில் சுற்றிக் கிடந்தது, வெல்டின் உள்பக்கம் தெரிய இரண்டாக அறுத்து, உரசி மெருகேற்றி. உன் வெல்டு முழுதாக இருக்கிறது, லாரியில் மோதியதில் பக்கத்துக் குழாய்தான் கிழிந்திருக்கிறது. அப்பாவிடம் கொண்டுபோய் வைத்தேன். ஜூனிலேயே அறுத்துப் பார்த்தாராம். "அவ மேல தப்பில்லன்னா அப்புறம் என் மேலதானே, சொல்ல வாய் வரல நோரீன்" என்றார். ஐந்து மாதம் உன்னைச் சுமக்க விட்டிருக்கிறார். சாலையில் பிரேக் பிடித்துப் பின்சக்கரம் தேய்ந்த தடம் மட்டும்தான் இருந்தது, நீயும் பார்த்தாய். கண்காட்சியில் முன்சக்கரம் வெறுமையாக நின்றால்தான் அழகு என்று முன் பிரேக்கே வைக்காமல் கட்டினோம். வேட் கேட்டான், "ஏம்ப்பா, முன்னாடியும் ஒண்ணு வெச்சா குடியா முழுகிடும்?" என்று. "வெச்சுத் தர்றேன்டா கிழவா, அப்படியே காய்கறிக்கு ஒரு கூடையும் மாட்டிடட்டுமா?" என்றார் அப்பா. வேட் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எனக்கும் அந்த வெறும் சக்கரம் பிடித்திருந்தது.

அப்பாவுக்கு வேளாவேளைக்குச் சூப் வைக்கிறேன், பேசுவதில்லை. அவரை மன்னித்துவிடு என்று கேட்க இதை எழுதவில்லை, என்னையும்தான். கிறிஸ்துமஸுக்கு வர மனமில்லையென்றால் வராதே. அந்தக் கழுத்தை உனக்கு அனுப்பியிருக்கிறேன், அப்பா தடுக்கவில்லை, பெட்டிக்கு ஆணியடித்தது அவர்தான்.

கடவுள் உன்னையும் உன் கைகளையும் காக்கட்டும். பெட்டி வந்தால் தனியாகத் திறக்காதே, யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள். நல்ல வெளிச்சத்தில் பார். அம்மா சொல்கிறாளே என்று நம்ப வேண்டாம், வெல்டு பார்க்கத் தெரிந்தவள் நீ.

உன் அம்மா,
நோரீன்