எல்லைக் கம்புகளில் எண்ணெய்

முகத்துவாரக் கரை
மார்ச் 3

அன்புத் தங்கை ஷோர்மேவுக்கு,

தலைநகர் அக்ராவுக்குப் போனதும் அக்காவை மறந்துவிட்டாய், இருக்கட்டும். இங்கே சிப்பிகள் வாய் பிளந்து சாகின்றன. தண்ணீர்மேல் பளபளவென்று படலம். வெறும் சேற்றுப் படலம் என்றால் குச்சி பட்டதும் சில்லு சில்லாக உடையும் என்று நீதானே சொன்னாய்? இது கலைத்தாலும் மறுபடி கூடிக்கொள்கிறது. எண்ணெயேதான். மேட்டில் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கும் லாம்ப்டேயின் வேலை. சிப்பி வளரட்டுமென்று ஐந்து மாதம் யாரும் இறங்காமல் ஆற்றை மூடிவைத்து, அரை வயிற்றோடு கிடக்கிறோம். "ஒகாய்லேக்கா, ஒன் தங்கச்சி லேப்லதான இருக்கா? அவ ஒரு வார்த்த சொன்னா அவன் கடைய இழுத்து மூடிரலாம்" என்கிறார்கள் என்னோடு சிப்பி எடுக்கும் நம் பெண்கள். இடம் எழுதி ஒட்டி, பாட்டில்களில் சேறு அனுப்பியிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா
ஒகாய்லே

அக்ரா
மார்ச் 17

அன்புள்ள அக்கா,

உன்னை மறப்பேனா? சோதித்துவிட்டேன். பழைய எஞ்சின் ஆயில்தான். எஞ்சின் தேய்ந்து உதிர்ந்த உலோகப் பொடிகூட அதில் இருக்கிறது. ஆனால் பட்டறைப் பக்கத்துச் சேற்றில் அது கொஞ்சம்தான். மூடிய இடத்தைச் சுற்றி நீங்கள் நட்ட எல்லைக் கம்புகளின் அடியில்தான் ஊற்றிவைத்ததுபோல் இருக்கிறது. கம்புகளுக்கு என்ன பூசினீர்கள், அக்கா?

உன் ஷோர்மே

முகத்துவாரக் கரை
மார்ச் 25

ஷோர்மே,

புழு துளைக்காமலிருக்கப் படகுக்குப் பூசுவோமே, அந்தப் பழைய ஆயில்தான். லாம்ப்டே சும்மா கொடுத்தான். "இன்னொரு கை பூசுங்கடி, கெட்டியா நிக்கட்டும்" என்று பக்கத்தில் நின்று பூசவைத்தவள் நான். நேற்று நம் பெண்கள் அவன்மேல் மண்ணை வாரித் தூற்றினார்கள். உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் தடுக்காமல் பார்த்திருந்தேன். இனி எந்த வாயால் சொல்வேன்? லேப் ரிப்போர்ட்டில் பட்டறை என்றே எழுதிக் கொடுத்துவிடு. சிப்பி விற்று உன்னைப் படிக்கவைத்தவள் கேட்கிறேன்.

உன் அக்கா

அக்ரா
ஏப்ரல் 2

அக்கா,

அழுதுகொண்டே எழுதுகிறேன். பட்டறையை மூடினாலும் கம்புகள் நிற்கும்வரை எண்ணெய் கசியும், மிச்சச் சிப்பியும் சாகும். அதனால் உள்ளதையே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நம் பெண்களிடம் நீ சொல்லும்போது பக்கத்தில் நிற்கிறேன்.

உன் ஷோர்மே

முகத்துவாரக் கரை
ஏப்ரல் 5

ஷோர்மே,

வர வேண்டாம். நானே சொல்லிவிட்டேன். யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. எல்லோருமாகக் கம்புகளைப் பிடுங்கினார்கள். நானும் இறங்கப் போனேன். "நீ கரையிலயே இரு, அக்கா" என்றார்கள். லாம்ப்டேகூட வந்து இழுத்தான். இந்த வருஷம் ஆறு திறக்காது.

நீ செய்தது சரிதான். எனக்குத் தெரிகிறது. ஆனாலும் உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. நான் கூப்பிடும்வரை வராதே, எழுதாதே.

ஒகாய்லே